இந்த நாட்டில் தெரியாத இரண்டு டம்ளர்கள்

என் வீடியோவை மறைத்தது யார்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அரசாங்கம் என்று சொல்லலாம். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அதைப் போட்ட தளத்தை நடத்துகிற கம்பெனி என்று சொல்லலாம். அவர்களோ, நாங்களாகச் செய்யவில்லை, சட்டப்படி ஒரு கோரிக்கை வந்தது, அதனால் செய்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். கோரிக்கை என்றுதான் இருக்கிறது, உத்தரவு என்று இல்லை. கோரிக்கை என்றால் மறுக்கவும் முடியும்தானே? ஏன் மறுக்கவில்லை? இப்படி யோசித்துக்கொண்டே நின்று இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன்.

விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகள் இருக்கிற பக்கத்தில், புதிதாக வீடுகள் வந்த ஒரு நகரில் இருக்கிறோம். நான், என் மாமியார், எல்.கே.ஜி. படிக்கும் என் மகள். என் கணவர் கத்தாரில் ஒரு ஸ்டோரில் வேலை செய்கிறார். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவருக்கு இந்த வருடம்தான் வழி பிறந்திருக்கிறது. அதற்காக நான் முதல்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இந்த விஷயம் இங்கே வேண்டாததுபோலத் தெரியும். ஆனால் என் பயத்தில் பாதி அந்தப் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். கேட்டில், துவைத்துக் காயப்போட்ட துணியில், பள்ளிக்கூட வேனின் கண்ணாடியில். யூனிட்டுகளில் பொம்மைக்கும் ஃப்யூஸ் கட்டைக்கும் அரைக்கிற மண்ணின் தூசி அது. மழை பெய்தால் மண் குவியல்கள் கரைந்து தெருவே பால் ஓடுவது போலாகும். அந்த நாட்களில் குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் வெள்ளையாக வரும். யாரும் பதறமாட்டார்கள். "களிமண்ணுதான், ஒண்ணியும் ஆவாது" என்று குடத்தில் பிடித்து வைப்பார்கள். மதியத்துக்குள் மண் அடியில் படிந்துவிடும். மேலாக மொண்டு குடிப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் முகம் சுளித்ததற்கு என் மாமியார், "எங்க வூட்டுல எல்லாரும் இதக் குடிச்சித்தான் வளந்தாங்க. உன் புருஷன் என்ன பொம்மையாவா ஆயிட்டான்?" என்று கேட்டார். பிறகு நானும் பழகிவிட்டேன்.

இந்த வருட மழையில் தண்ணீர் அப்படித்தான் வந்தது. எல்லோரும் அப்படித்தான் பிடித்து வைத்தோம். முதலில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு வாந்தி. பிறகு தெருமுனை வீட்டில் இரண்டு பேருக்கு. பிறகு என் மகள். கண் செருகிப் போய்க் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். டிரிப் ஏற்றினார்கள். டாக்டரம்மா, "தண்ணியக் காய்ச்சித்தானே குடுக்குறீங்க?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து குடத்தைப் பார்த்தேன். காலையில் பிடித்த தண்ணீர், சாயங்காலமாகியும் தெளியவில்லை. முகர்ந்தால் மண்வாசனை இல்லை, வேறொரு வாடை. நான் வேதியியல் பட்டதாரி. கல்லூரிக்குப் பிறகு அந்தப் படிப்பை எதற்கும் பயன்படுத்தியதில்லை. அன்று இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா யூனிட்டில் வேலை செய்பவர். அச்சிலிருந்து வரும் பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்வது அவர் வேலை. என் மகள் விளையாட எப்போதோ ஓர் உருண்டை மண் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் ஒரு கிள்ளு எடுத்துக் காய்ச்சிய நீரில் கரைத்து ஒரு டம்ளரில் ஊற்றினேன். இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டையும் ஜன்னலில் வைத்தேன். மறுநாள் மண் கரைத்த டம்ளர் மேலே தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாய்த் தண்ணீர் அப்படியே சாம்பல் பூத்துக் கலங்கியிருந்தது.

மண் கரைத்ததையும் மறுநாள் டம்ளர்கள் இருந்த நிலையையும் வீடியோ எடுத்துச் சேர்த்துப் போட்டேன். பேசியது மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். இது நமக்குப் பழக்கமான களிமண் இல்லை, யூனிட்டுகளால் வந்தது இல்லை, எங்கோ குழாய்க்குள் சாக்கடை கலக்கிறது என்று சந்தேகப்படுகிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது, பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்போம், அதுவரை குழந்தைகளுக்குக் கொதிக்கவைத்துக் கொடுங்கள் என்றேன். யாரையும் திட்டவில்லை. எந்த அலுவலகத்தின் பெயரையும் சொல்லவில்லை. 'சந்தேகப்படுகிறேன்' என்ற சொல்லைச் சேர்ப்பதற்காகவே இரண்டாவது முறை எடுத்தேன்.

நிறையப் பேர் பார்த்தார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று எழுதினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சந்தோஷம் வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. குழந்தை இன்னும் சரியாகச் சாப்பிடக்கூட ஆரம்பிக்கவில்லை.

பிறகு அந்தத் தகவல் வந்தது. சட்டபூர்வமான கோரிக்கையின் காரணமாக உங்கள் பதிவை இந்தியாவில் காட்டவில்லை என்று ஒரு வரி. யார் கேட்டார்கள் என்று இல்லை. எதற்காக என்ற இடத்தில் மக்களிடையே அச்சத்தை ஏற்படுத்தக்கூடிய தகவல் என்று மட்டும் இருந்தது. அந்த வரியை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். நான் செய்த முட்டாள்தனம் அது.

"கவருமெண்டா? கவருமெண்டு உன்ன எதுக்கும்மா பாக்குது?"

"என்னப் பாக்கல மாமி. வீடியோவத்தான்."

"வீடியோவுல நீதானே இருக்கே? மொதல்ல போனுல இருக்கிறத அழி. பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கே, புத்தி வாணாம்? நாம இருக்கிற நெலமையில நமக்கு இதெல்லாம் தேவையா?"

நாம் இருக்கிற நிலைமை என்று அவர் சொன்னதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. போனிலிருந்து அழித்தேன். தளத்தில் இருப்பதையும் அழிக்கலாமா என்று விரல் போனது. அழிக்கவில்லை. தைரியத்தால் இல்லை. அழித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகுமோ என்று இன்னொரு பயம்.

வெள்ளிக்கிழமை என் கணவருக்கு லீவு. ஜும்மா முடிந்து வீடியோ காலில் வந்தார். மடியில் மகள், பக்கத்தில் மாமியார்.

"நல்லாத்தான் பேசியிருக்கே. நியூஸ் வாசிக்கிற பொண்ணு மாதிரி. எங்க ரூம்ல எல்லாரும் பாத்தாங்க" என்றார்.

"முன்னாடி பாத்தீங்களா?"

"இப்பத்தான் பாத்தோம். சாப்பிடும்போது."

"இப்ப எப்படிப் பாத்தீங்க? அதத்தான் மறைச்சிட்டாங்களே!"

அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரின் போனை வாங்கி அதில் என் வீடியோவை ஓடவிட்டுக் கேமரா முன்னால் காட்டினார். என் வீட்டு ஜன்னல், என் டம்ளர்கள், என் குரல். எல்லாம் கடல் தாண்டிப் போய், ஒரு போனுக்குள் இன்னொரு போனாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இவ ஏன்டா உன் ரூம்ல பேசிக்கிட்டிருக்கா?"

"ம்மா, அது வீடியோம்மா."

"அங்க தெரியுது, இங்க தெரியாதா? தண்ணி இங்கதானேடா வருது?"

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வீடியோவை அதற்குள் என் கணவர் எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே வைத்திருக்கும் குரூப்பில் போட்டிருந்தார். பெருமைக்காகத்தான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் இறக்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டை விட்டு வேறெங்கோ இருப்பவர்கள், வீட்டு விஷயத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று காட்டும் வழி அது. அப்படி என் வீடியோ கத்தாரிலிருந்தும் துபாயிலிருந்தும் எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தது.

முழுசாக வந்திருந்தால் பரவாயில்லை. இடையில் யாரோ வெட்டியிருந்தார்கள். மண் உருண்டையைக் கரைக்கிற இடம், டம்ளர் வெள்ளையாகக் கலங்குகிற இடம், அதோடு கலங்கிய இரண்டாவது டம்ளர். என் குரல் இல்லை. யாரோ ஓர் ஆண்குரல், செராமிக் மண்ணுதான் குடிதண்ணீரில் கலந்து பிள்ளைகளைக் கொல்கிறது என்று சொன்னது. எந்தப் பிள்ளையும் சாகவில்லை. நான் சொன்னதே மண் இல்லை என்பதுதான். என் ஜன்னல், என் கை, என் டம்ளர்கள் எனக்கு நேர் எதிராகப் பேசின. அதை அனுப்பியவர்களில் என் நாத்தனாரும் ஒருவர். 'ஜாக்கிரதையா இருங்க மச்சி' என்று.

இதற்கு மருந்து முழு வீடியோதான் என்று நினைத்தேன். கணவரிடம் இறக்கி அனுப்பச் சொன்னேன். எங்கள் நகருக்கு ஒரு குரூப் உண்டு. கரண்டு போனது, தண்ணீர் வராதது எல்லாம் அதில்தான் வரும். மளிகைக்கடை பாய் அதன் அட்மின். முழு வீடியோவைப் போட்டு, உண்மையானது இதுதான் என்று எழுதினேன். அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் காணவில்லை. அட்மின் நீக்கிவிட்டார் என்று மட்டும் இருந்தது. கடைக்குப் போனேன். பாய் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அது கவருமெண்டே தடை பண்ண வீடியோவாமே?"

"வெட்டின வீடியோ அஞ்சாறு தடவ வந்துச்சே பாய், அத ஏன் எடுக்கல?"

"அதத்தான் யாரும் தடை பண்ணலியே."

"அதுதான் பொய்!"

"இருக்கலாம்மா. ஆனா தடை இல்லியே. ஏதாச்சும்னா மொதல்ல அட்மினத்தான் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க." வெங்காயத்தைப் பையில் கொட்டினார். "இனிமே குரூப்புல அட்மின் மட்டும்தான் போடலாம்னு மாத்திட்டேன். உங்களுக்கு எதும் போடணும்னா என்கிட்ட சொல்லுங்க. பாத்துப் போடுறேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அவர் சொன்னதே காதில் இருந்தது. தடுக்கப்பட்டது என்பதாலேயே என் வீடியோ பொய்யாகிவிட்டது. தடுக்கப்படவில்லை என்பதாலேயே அந்தப் பொய் மெய்யாகிவிட்டது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்திருக்க முடியாது. யாரோ ஓர் அதிகாரி, ஊர் பயந்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில்கூடக் கேட்டிருக்கலாம். அவர் இடத்தில் நான் இருந்தால்? மழைக்காலத்தில், பரிசோதனை முடிவு வராத நேரத்தில், ஒரு பெண் இரண்டு டம்ளரைக் காட்டி ஊரைக் கலக்குகிறாள் என்று எனக்கும் தோன்றியிருக்குமோ? பதில் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. 'அம்மா, நீங்கள் சொன்னது தவறு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே திருத்தியிருப்பேன். என்னிடம் யாரும் பேசவில்லை. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கிற கம்பெனியிடம் பேசினார்கள். அந்தக் கம்பெனிக்கு நானும் என் டம்ளரும் எம்மாத்திரம்? இந்த நாட்டில் அவர்கள் தொழில் நடத்த வேண்டும். நான் போனால் அவர்களுக்கு ஒரு மயிரிழை நட்டமில்லை.

இதற்கிடையில் ஒருநாள் நாலு பேர் வந்து, தெருவுக்குக் கீழே சாக்கடை போகும் கல்வெர்ட்டுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். குழாயை மாற்றினார்கள். மூடிவிட்டுப் போனார்கள். எந்த அறிவிப்பும் இல்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தண்ணீர் தெளிவாக வருகிறது. என் வீடியோவைப் பார்த்துச் செய்தார்களா, அது இல்லாமலும் செய்திருப்பார்களா, தெரியாது. அது கேட்கக் கூடாத கேள்வி போலவும் இருக்கிறது.

"தண்ணி சரியாயிடுச்சி. இன்னும் என்னாத்துக்கு அதையே நோண்டிக்கிட்டிருக்கே?" என்கிறார் மாமியார். நியாயம்தான். தண்ணீரோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

முடியவில்லை. வெட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிலர் பக்கத்து வீட்டு அக்கா வேலை செய்யும் யூனிட்டின் முன்னால் போய்ச் சத்தம் போட்டார்கள். இருப்பதிலேயே சின்ன யூனிட் அது, எங்கள் நகருக்கு ஒட்டினாற்போல் இருப்பது. முதலாளி பயந்துபோய், பேச்சு அடங்கட்டும் என்று மூடிவிட்டார். இன்னும் திறக்கவில்லை. அக்கா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். அவர் மதிய நேரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் துணி காயப்போடும்போது மதில் பக்கம் வந்தார்.

"ஏன் பாப்பாம்மா, அந்த டம்ளரு உன்னுதுதானே?"

"ஆமாங்கக்கா. ஆனா நான் அப்படிச் சொல்லல. மண்ணு இல்லன்னுதான் சொன்னேன்."

"நீ சொன்னது எனக்குத் தெரியும். மொத நாளே பாத்தேன். ஊருக்குச் சொல்லு. நான் குடுத்த மண்ணாச்சே அது! எங்கிட்ட வாங்கின மண்ண வெச்சே என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டாங்க."

"குரூப்புல போட்டேங்கக்கா. எடுத்துட்டாங்க."

"அதான் சொன்னாங்க. கவருமெண்டு தடைன்னு. அப்ப கவருமெண்டுகிட்ட எடுக்கச் சொல்லு தடைய."

அவர் சொன்னது அவ்வளவு லேசான காரியமில்லை, ஆனால் வழி இருக்கிறது. தளத்திலிருந்து வந்த தகவலின் கீழே மேல்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பெயர், முகவரி, போன் நம்பர், அடையாள அட்டை கேட்கிறது. கோரிக்கை அனுப்பியவர்களிடம் உங்கள் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள நேரலாம் என்று சொல்லி, சம்மதமா என்று ஒரு கட்டம். அதில் டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் போகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருக்கும் அதே பெயர், அதே முகவரி. போலீஸ் விசாரணை முடியாத நேரத்தில், நான்தான் அந்த வீடியோக்காரி என்று நானே எழுதிக் கொடுப்பதா? அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்காதா? தெரிந்திருந்தால் மறைத்து என்ன பயன்? தெரியாவிட்டால் நானே போய் ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கட்டம் வரை போவேன், திரும்பிவிடுவேன். அக்காவிடமும் இதைச் சொல்லியிருந்தேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒரு முற்பகலில் வந்தார். நடுவயது, மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டேன். ஆதார், மார்க்‌ஷீட் எல்லாம் பார்த்தார். கணவர் எங்கே, என்ன வேலை என்று கேட்டார். வெயிலில் வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டார்.

"காய்ச்சுன தண்ணியாம்மா?"

சாதாரணமாகக் கேட்கிறாரா? வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காய்ச்சி ஆற வெச்சதுதான் சார்."

"இந்த ஏரியாவுல காய்ச்சிக் குடிக்கணும்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள் என்று இரண்டு பேர் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போட்டபோது அதில் ஒருவராக அக்காவைத்தான் கொடுத்திருந்தேன். அப்போது இதெல்லாம் நடக்கவில்லை. போலீஸ்காரர் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "அவங்களக் கூப்பிடுங்க" என்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இவங்கள எவ்ளோ நாளாத் தெரியும்?"

"கல்யாணம் பண்ணி வந்ததுலேர்ந்து தெரியும் சார். நல்ல பொண்ணு."

"எதும் கேஸு, தகராறு, வம்பு தும்பு?"

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. இந்தப் பொண்ணு போட்ட வீடியோவாலதான் சார் எங்க யூனிட்டு மூடிக் கெடக்குது என்று சொன்னால் அதில் பொய்கூட இல்லை.

"வம்பா? இதுவா?" என்றார் அக்கா. "அது பொண்ண ஸ்கூலு வேன்ல ஏத்திட்டு, வேன் போன தெசையையே பாத்துக்கிட்டு நிக்கும் சார். பயந்த சுபாவம். யாரையும் அதட்டிக்கூடப் பேசாது."

போலீஸ்காரர் சிரித்தார். காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். தெருமுனை வீட்டுக்காரரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் அவர். போகும்போது, "ரிப்போர்ட்டு மேல போவும்மா. வெயிட் பண்ணுங்க" என்றார். போனில் பார்த்தால் விசாரணை நிலுவையில் என்று இருக்கிறது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. வழக்கமாக ஆகிற தாமதமா, வேறு ஏதாவதா என்று அதிலும் எனக்குச் சந்தேகம். இப்போதெல்லாம் கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால்கூட வீடியோதான் நினைவுக்கு வருகிறது.

வண்டிச் சத்தம் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் இளகவும் இல்லை.

"இரு இரு. நான் உனக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ எனக்கு எப்பப் போடப் போறே?"

"பாஸ்போர்ட்டு வந்துடட்டும்க்கா. அடுத்த நாளே பண்றேன்."

"வந்ததும் நீ ஏரோப்ளேன் ஏறிடுவே. அங்க போனா உனக்குத் தெரியும் உன் வீடியோ. நல்லாப் பாத்துக்கிட்டு உக்காந்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவரிடம் சொன்னேன். "நான்தான் குரூப்புல போட்டுக் கெடுத்தேன். உனக்கு எது தோணுதோ செய்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா பாஸ்போர்ட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கம்மா. பாப்பாவ நான் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றார். மகள் போனை முத்தமிட்டுத் திரையை எச்சிலாக்கினாள். அவள் அவரைத் தொட்டது போன விடுமுறையில். இப்போது தொட்டால் வெட்கப்படுவாளோ என்னவோ.

பொறுக்கலாம்தான். ஆனால் மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கிறது. இந்த மாதக் கடைசியோடு அந்தப் பொத்தான் போய்விடும். அதற்குள் பாஸ்போர்ட் வருமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேல்முறையீடு செய்தால் வீடியோ கட்டாயம் திரும்பி வரும் என்பதும் இல்லை. திரும்பி வந்தால், தடை நீங்கியது என்று கடைக்கார பாயிடமும் யூனிட் முதலாளியிடமும் காட்டலாம். மண்மேல் பழி இல்லை என்று நான் முதலிலேயே சொன்னது ஊருக்குத் தெரியும். வராவிட்டால், என் பெயரும் முகவரியும் யாரென்று தெரியாத ஒரு மேசையில் போய்க் கிடக்கும். அவ்வளவுதான் மிச்சம்.

யூனிட் முதலாளியை நேரில் போய்ப் பார்த்து, நானே எல்லோர் முன்னாலும் வாயால் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "வாணாம் தாயி. நீங்க பேசப் பேச அதையும் யாராவது வெட்டுவாங்க" என்று கைகூப்பிவிட்டார். வேறொரு கணக்கிலிருந்து புதிதாக வீடியோ போடலாமா என்றும் யோசித்தேன். ஒளிந்து போட்டால் ஒளிந்தவள் சொல்வதை யார் நம்புவார்கள்? பிறகு இதை எழுதலாம் என்று தோன்றியது. எழுதும்போதும் ஒவ்வொரு வரியிலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். கடைசியில் யாருமே என்னிடம் வந்து எடுக்கச் சொல்லாமல் நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலோ என்று பேனாவை வைத்துவிட்டேன். இல்லை, இது முழுப் பதில் இல்லை. பயத்தை நான் விதைக்கவில்லை.

படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கும். ஒரு பதிவோ படமோ கோரிக்கையின் பேரில் மறைக்கப்பட்டு, மேல்முறையீடு செய்திருப்பீர்கள், அல்லது செய்யாமல் விட்டிருப்பீர்கள். செய்தவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? பாஸ்போர்ட் விசாரணை நடக்கும்போது இதைச் செய்தால் உண்மையிலேயே பாதிக்குமா, அல்லது அது எங்கள் தெருவில் நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பயமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டம் தெரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்படி ஒரு கையெழுத்துக் கடன்பட்டவர்கள் சொல்லுங்கள். அந்தச் சம்மதக் கட்டத்தில் நான் டிக் செய்யலாமா? மாதக் கடைசிக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.